ஏழாம் பாகமும் பன்னிரண்டாவது பாஸும்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஸ்டீவனைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பங்களுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் ஒரு கம்பெனியில், ஆள் பதிவும் வருகைக் கணக்கும் பார்க்கும் டைம் ஆபீஸில் நான் உதவியாளர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கவரப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர் வீட்டு வாசலில், என் பெயரையும் பி.காம். என்பதையும் எழுதி அப்பா பலகை மாட்டியிருக்கிறார். அதனால் கணினி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

“புது ஆளா?” என்று கேட்டேன்.

“ஆமா சார். இன்னிக்குத்தான் புதுசு.”

“முன் அனுபவம்?”

“இல்லன்னு போடு சார்.”

போட்டோவை நீட்டிய கையில் முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். உருக்கிய துத்தநாகத் தொட்டியிலிருந்து தெறித்தவை. “அப்ப இது இன்னாண்ணா?” என்றேன்.

“அது போன ஜென்மத்துது.”

வரிசையில் பின்னால் நின்ற பச்சையப்பன், “படிச்சவரு கண்டுபுடிச்சிட்டாருடா!” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

விஷயம் பிறகுதான் புரிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பதினோரு மாதத்தில் கணக்கு முடித்துவிடுவார்கள். பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பிரேக். பிறகு புது விண்ணப்பம், புது பாஸ், புது எண். பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பத்துக் கேள்விக்குப் பதில் எழுதித் தேறினால்தான் உள்ளே விடுவார்கள். வருடக்கணக்காக வேலை செய்தாலும் யாரும் தொடர்ந்து செய்ததாக ஆகாது; நிரந்தரமும் கேட்க முடியாது. அன்று நான் அடித்தது ஸ்டீவனின் பதினோராவது பாஸ்.

பத்தாவது வரை படித்தவர். மனைவி செண்பகம், ஒரே மகள் மோனிகா. பொன்னேரியில் வாடகை வீடு. புத்தகக் கண்காட்சியில் மகளுக்காக ‘உப்புக் கோட்டை’ நாவலின் முதல் பாகத்தை வாங்கியிருக்கிறார். அவள் நாலு பக்கம் புரட்டிவிட்டுப் போட்டுவிட்டாள். ஒரு பிரேக்கில் பொழுது போகாமல் இவர் எடுத்தார். ஆறு பாகத்தையும் முடித்த பிறகுதான் விட்டார். நாங்கள் ஒரே ரயிலில் வருகிறவர்கள் என்று தெரிந்ததும் எனக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார், பேக்கிங் பிரிவின் பாலிதீனில் சுற்றி.

கதை இதுதான். கடலைத் தடுத்து நிற்கும் ஒரு கோட்டை. அதன் கதவைக் காப்பவன் ஆழியன். அவன் ஒரு நாள் நகர்ந்தாலும் கடல் ஊருக்குள் வந்துவிடும். ராட்சத மீன்கள், பேசும் புயல்கள், துரோகம், போர் எல்லாம் கடந்து, ஆறாம் பாகத்தின் கடைசியில் கடலே சமாதானமாகிப் பின்வாங்குகிறது. ஆழியன் வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். அந்தக் கடைசி அத்தியாயம் மூன்றே பக்கம். ஸ்டீவனின் பிரதியில் அந்த மூன்று பக்கமும் தையல் விட்டுத் தனியாக வந்துவிடும்.

போன மார்கழியில், ரயிலில், என் போனில் அந்தச் செய்தி வந்தது. நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். “அண்ணா! ஏழாம் பாகம் வருது. ஆழியன் திரும்பி வரானாம்!”

“எதுக்கு வரணும்? ஊட்டுக்குப் போய்ட்டாண்டா அவன்.”

“எல்லாருக்கும் புடிச்சிருக்குதுண்ணா. அதான் கேக்கறாங்க.”

“புடிச்சவங்கதான் உட மாட்டன்றாங்க. இன்னா பேஜாருடா இது.” நான் இறங்க வேண்டிய கவரப்பேட்டை நெருங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப வாங்க மாட்டீங்களா?”

“காலையிலயே புக் பண்ணிட்டேன்,” என்றார், என்னைப் பார்க்காமல்.

மார்ச்சில் அவருக்குப் பிரேக் வந்தது. கணக்கு முடித்த அன்று டீக்கடையில் நின்றோம். “மீஞ்சூர்ல என் கூட்டாளி பீட்டரு தண்ணி கேன் வண்டி போட்டுக்கீறான். ஓட்ட ஆள் கேக்கறான். இந்த வாட்டி திரும்பி வரக்கூடாதுன்னு கீறேன் தம்பி. அந்தத் தொட்டியாண்ட நின்னா மூச்சு முட்டுது.”

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எங்க? ‘பெரிய கம்பெனி, பெரிய கம்பெனி’ன்னு மாமியாரூடு மொத்தமும் சொல்லிக்கினு கீது. வாயே வரல.”

பிரேக்கில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். பத்தாம் நாள் வரிசையில் வந்து நிற்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அவரும் வந்தார். பாதுகாப்பு வகுப்பில் பதினாலு பேர். பாதுகாப்பு அதிகாரி துளசிராமன், “தீ வந்தா முதல்ல இன்னா பண்ணணும்?” என்று கேட்டதும், பச்சையப்பன் “ஸ்டீவனைக் கேக்கணும் சார், அவருதான் பன்னெண்டாவது வாட்டியா இதே கிளாஸ்ல கீறாரு,” என்றார். ஸ்டீவன் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் ஏழாம் பாகம் விரிந்திருந்தது.

தாள்களை வாங்கி அடுக்கியது நான். ஸ்டீவனுடையதில் பெயர் மட்டும் இருந்தது. கீழே பத்து இடமும் காலி. புத்தகத்தில் மூழ்கி எழுத மறந்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேனாவை எடுத்தேன். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். பத்துக்கும் பதில் எழுதினேன். பத்துக்குப் பத்து. துளசிராமன் கையெழுத்துப் போட்டுக் கணினியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை பாஸை நீட்டினேன். ஸ்டீவன் அதை வாங்காமல் என்னையே பார்த்தார்.

“யாரு எழுதுனது?”

“நான்தாண்ணா. நீங்கதான் ஆழியன்கூட போய்ட்டீங்களே!”

அவர் குரலை உயர்த்தவில்லை. “மறக்கல தம்பி. பத்துக்கும் பதில் தெரிஞ்சுக்கினே உட்டேன். ஃபெயிலு, உள்ள உடலன்னு ஊட்ல சொல்லிட்டு, பீட்டராண்ட போலாம்னு இருந்தேன்.”

பாஸை மேசையில் வைத்தேன். “துளசிராமன் சார்கிட்ட உண்மையச் சொல்லிடறேண்ணா. கேன்சல் பண்ணச் சொல்றேன்.”

“சொன்னா உன் வேலை போயிடும். எங்கூட்டு நம்பருக்குக் கம்பெனிலருந்து நேத்தே மெசேஜ் போயிடுச்சி. பணியில் சேர்ந்ததற்கு வாழ்த்துகள்னு. செண்பகம் போன் பண்ணா. சர்ச்சுல சொல்லி ஜெபம் பண்ணாளாம். சந்தோசமா கீறா.”

பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். உள்ளே போகும்முன், “நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ண,” என்றார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் என்னிடம் புத்தகப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ரயிலில் நானே கேட்டேன், ஏழாம் பாகம் எப்படி என்று.

“மொத நூறு பக்கம் அவனப் பார்த்ததுல அவ்ளோ சந்தோசம். செத்தவன் எழுந்து வந்தா மாதிரி. அப்பறம் கதவாண்ட நிக்க வெச்சுட்டாங்க. நல்லா எழுதிக்கீறாங்கடா. அதான் கடுப்பா கீது. மோசமா இருந்தா மூடி வெச்சுடலாம்.”

“கடைசி?”

“ஊட்டுக்கு வர நாளாகும்னு மகளுக்குச் சேதி சொல்லி அனுப்பறான். எட்டாம் பாகம் வருதாம்.”

ஸ்டீவனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அதே துத்தநாகத் தொட்டியில், மதிய ஷிஃப்டில் இருக்கிறார். பீட்டரின் வண்டிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. பதிவேட்டில் அவர் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.