தாயைப் பழித்தோம், தண்ணீரைப் பழிக்கவில்லை

வடக்குப்பட்டில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மணற்சாரி நிலம். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தேங்காது. பெண்ணுக்குப் போட்ட சீர் மாதிரி போன இடம் தெரியாது. அதில் வெண்டை போட்டிருந்தேன். நானோ காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவன். ஷிஃப்டுக்குப் போகிற எங்கள் பக்கத்து ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன்: ஞாயிற்றுக்கிழமை ஒரே நடையில் யூரியாவை வீசிவிட்டு மோட்டாரை ஆட்டோ சுவிட்சில் போட்டுவிடுவது. கரண்ட் வந்தால் தானே ஓடும், போனால் நிற்கும். ஓ.டி. விழுந்தால் மறுநாள்தான் போய்ப் பார்ப்பேன். செடி குடித்ததா, மண் குடித்ததா, யாருக்குத் தெரியும்? இலை மஞ்சளடித்தால், பாவம், பசி என்று இன்னும் கொஞ்சம் வீசுவேன்.

வயலோரம் கிணறு, அதை ஒட்டி வீடு. ஊரே கேன் தண்ணீருக்கு மாறிய பிறகும் நாங்கள் மாறவில்லை. "கம்பெனி வந்து எல்லாத் தண்ணியும் கெட்டுப்போச்சி, நம்ம கெணறு ஒண்ணுதாம்பா தப்பிச்சிகினு கீது" என்று கேட்டவரிடமும் கேளாதவரிடமும் சொல்வேன்.

தம்பி மனைவி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனி லைனில் வேலை பார்த்தவளைத் தம்பி விரும்பிக் கட்டிக்கொண்டான். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதம் பெண் குழந்தையோடு வந்தாள். வந்த வாரமே காய்ச்சலில் படுத்தாள், பால் வற்றிவிட்டது. டப்பாப் பால்பவுடர்தான்.

"எந்நேரமும் போனப் பாத்துகினு இருந்தா பால் எப்டி சொரக்கும்?" என்றாள் என் மனைவி. நான் சிரித்தேன்.

சில நாளில் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி மங்கியது. அவள் என்னிடம் வந்தாள்.

"அத்தான், ஊர்ல இருக்கையில பிள்ள நல்லாத்தான் இருந்தா. இங்க வந்த பெறவுதான் இப்படி. தண்ணிதான் சேரலையோ என்னமோ. கேன் வாங்கித் தாங்களேன்."

எங்கள் கிணற்றையா! பழமொழி என் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக நிற்கும். "இன்னாம்மா இது? தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காதேன்னு சொல்லுவாங்க. ஒனக்குப் பால் கலக்கத் தெரில, கெணத்து மேல பழியப் போடுற" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "நல்லா கொதிக்க வெய்யி. அரைகொறையா காய்ச்சினா அப்டித்தான். ஒங்கூர்ல அடுப்பு கீதா இல்லியா?" என்று முடித்தாள் என் மனைவி.

அன்றிலிருந்து அவள் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினாள். அதற்கும் கேலி: "டீக்கடை வெக்கப் போறியா?"

ஒரு ஞாயிறு நண்பகல், பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை துவண்டு சாய்ந்தது. முகம் சாம்பல் நீலம். வயலிலிருந்து அப்படியே ஓடிவந்து ஷேர் ஆட்டோவை மறித்து எல்லோரையும் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, டிகாக்ஷன் நிறம். டாக்டரம்மா கேட்டார்:

"பாலுக்கு எந்தத் தண்ணி?"

"கெணத்துத் தண்ணி மேடம். இந்தக் கம்பெனிக்காரங்க வந்து..."

அவர் என் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் யூரியா இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு அவர் விளக்கினார். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுமாம். வேர் எடுத்தது போக மிச்சத்தை, அளவுக்கு மேல் பாயும் தண்ணீர் கிணற்றுக்குக் கழுவிக்கொண்டு போகும். கைக்குழந்தையின் ரத்தம் அதனால் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் தவிக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

"கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன் மேடம்" என்றாள் தம்பி மனைவி.

"கொதிச்சா தண்ணிதாம்மா சுண்டும், இது சுண்டாது. காய்ச்சக் காய்ச்ச ஏறத்தான் செய்யும்."

அவள் அழவில்லை. திரும்பி என் மனைவியை மட்டும் பார்த்தாள்.

நீலத்தைப் போக்க நீல மருந்தையே ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியும் அவளும் வீட்டுக்கு வரவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்குப் போய்விட்டார்கள்.

ஆட்டோ சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். யூரியாவை இப்போது நாலு தவணையாகப் பிரித்து, வேரோரம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மூடுகிறேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் மோட்டாரைத் தொடுவதில்லை. பாதி உரத்தில் செடி முன்னைவிடப் பச்சை. அதுதான் பொறுக்கவில்லை. கிணறு இன்னும் தேறவில்லை என்றுதான் பரிசோதனைச் சீட்டு வருகிறது.

காது குத்துக்கு ஒருமுறை வந்தார்கள். குழந்தை கையெல்லாம் சர்க்கரைப் பொங்கல். நான் சொம்பில் தண்ணீர் மொண்டு ஓடினேன். அதற்குள் தம்பி மனைவி பையிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டாள்.

"கை கழுவத்தானேம்மா..."

"வேண்டாம் அத்தான். பிள்ள குடிச்சது போதும். செடி வாடிரும், அதுக்கு ஊத்துங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரு பழமொழியும் வரவில்லை. சொம்போடு வெண்டைப் பாத்திக்குப் போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.