எஸ்தர் டீச்சர் வெளியே சொன்ன பயம்

தொலைபேசி அடித்தால் யார் வீட்டில் இல்லை என்று முதலில் பார்ப்பதுதான் இந்தப் போர் ஆண்டுகளில் எங்கள் பழக்கம். போன வாரம் அது அடித்தபோது எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் எடுக்க எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் எடுத்தாள். "எஸ்தர் டீச்சர் போயிட்டாங்களாம். தூக்கத்துலயேயாம்" என்றாள். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, யாரும் சுடவில்லை, தூக்கத்தில் போனார் என்று கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. காலம் நம்மை எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறது பாருங்கள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அது அடங்குமுன் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. நான் இப்போது இருக்கும் றக்வானையிலிருந்து டீச்சரின் புளத்கொகுபிட்டிய வரை வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் இருக்கிற என் தமிழ்ப் பெயரோடு தனியாக எப்படிப் போய்ச் சேர்வது?

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கிற உங்களில் பலருக்கு டீச்சரைத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே மண்டபத்தில், நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் படிப்பித்தோம். எனக்குத் தொண்டை பெரிது, பொறுமை சிறிது. நான் பிள்ளைகளை அதட்டினால், "சார், எங்க பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து நடுங்குதுங்க" என்று பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அதில் கிண்டல் பாதி, கெஞ்சல் பாதி.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கும் ஒரே ஊற்றுப் பீலியிலிருந்துதான் தண்ணீர். ஒரு வறட்சியில் கிராமத்துச் சோமாவதி அந்தத் தண்ணீரைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். டீச்சர் போய்த் தோட்டத்து ஆபீசில் சொன்னார். அவர்கள் ஆள் அனுப்பித் திருப்பி வைத்தார்கள். அன்றோடு சோமாவதி டீச்சரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

யாருக்காவது நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், அதைத் தீர்க்காமல் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை என்பது எங்கள் சின்னக் கிறிஸ்தவ ஆலயத்தின் வழக்கம். அடுத்த ஆராதனையில் எல்லோரும் எழுந்து போக, டீச்சர் மட்டும் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணிய திருப்பினது அந்தம்மா. நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தப்பு யாருதுன்னு பைபிள் கேக்கல சார். யாருக்காவது உன் மேல குறை இருக்கான்னுதான் கேக்குது. சோமா அக்காவுக்கு இருக்கே."

சொன்னதோடு நிற்கவில்லை. கிராமத்துக்கு இறங்கிப் போனார். சோமாவதி கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "வெக்கமா இல்லையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கு சார். அதனாலதான் இவ்வளவு மெதுவா ஏறி வந்தேன்" என்றார்.

அந்த வருடத்து மழைக்காலத்தில்தான் அந்தப் பிற்பகல் வந்தது. எங்கோ தூரத்தில் குண்டு வெடித்திருந்தது. அதற்குத் தமிழர்மேல் பழி தீர்க்க பசாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டுவிட்டது என்று ஓடிவந்து சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்தில் புகை எழும்பியது எங்களுக்கே தெரிந்தது. பெண்களும் பிள்ளைகளும் ஆலயத்துக்குள் ஒடுங்கினார்கள். வாசலில் ஆண்கள் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றோம். "வரட்டும், பாத்துக்கலாம்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தோம். என் உள்ளங்கை வியர்த்துக் கத்திப்பிடி வழுக்கியது. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

டீச்சர் எழுந்து வந்தார். "எனக்குப் பயமா இருக்குங்க" என்றார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்களுக்கும் பயம்தான். கத்திக்குப் பின்னால மறைச்சு வச்சிருக்கீங்க. நான் கீழ போய் பிள்ளைகள ஒளிக்க எடம் கேக்கப் போறேன்."

"அந்தம்மாகிட்டயா? போயும் போயும் அவங்க கால்லயா விழுவீங்க?" என்றேன்.

"ஆண்டவரே ஒரு பொம்பள வயித்துல எடம் கேட்டுத்தான் வந்தாரு சார். நான் சோமா அக்கா வீட்டுல எடம் கேட்டா என்ன கொறஞ்சு போயிருவேன்?"

நானும் கூடப் போனேன். றப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும்போது அவருடைய பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. குளிர் இல்லை. அதே மூடிய கதவின் முன்னால் நின்று, "அக்கே, அப்பிட்ட பயய்" என்றார். அக்கா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்திலேயே கேட்டார்.

கதவு திறந்தது. சோமாவதியின் முகமும் வெளிறிப் போயிருந்தது. முன்பு டீச்சர் வந்த நாளில் தானும் கதவுக்குப் பின்னால்தான் நின்றதாகவும், வெளியே வர வெட்கமாக இருந்ததாகவும் சொன்னார். பிறகு பேச நேரமில்லை. பிள்ளைகளையும் பெண்களையும் கொண்டுவந்து, சோமாவதி வீட்டின் பின்னால் றப்பர் சீற் காயப்போடும் புகைக் கொட்டகைக்குள் அடைத்தோம். ஆண்கள் கத்திகளைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் பதுங்கினோம். கூட்டம் வந்தது. லயத்தில் சில காம்பரா வீடுகளைக் கொளுத்தியது, ஆலயத்து ஜன்னல்களை உடைத்தது. சோமாவதியின் வேலிப் படலையருகே நின்று, தமிழர் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டது. அவர் இல்லை என்றார். உள்ளே ஒரு குழந்தை இருமிவிடாமல் டீச்சர் தன் மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாராம். கூட்டம் போய்விட்டது. எங்களில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அதன் பிறகு வந்த திருவிருந்துக்கு டீச்சர் எழுந்து போனார். உடைந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. "கால்ல விழுந்த டீச்சர்" என்று முதுகுக்குப் பின்னால் சிலர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. "விழுந்தேன்தானே" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சாவுக்கு நான் போனேன். செய்தி வந்த அன்று நெடுநேரம் சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். பக்கத்து வீட்டில் பியதாச என்று ஒரு சிங்களவர் இருக்கிறார். மதிலைத் தாண்டித் தலையாட்டிக்கொள்வதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் நான். அவர் கதவைத் தட்டினேன். டீச்சரைப் போலவே எனக்கும் பல் அடித்துக்கொண்டது. "மட்ட பயய்" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டும், கூட வருவீர்களா?

அவர் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பைத்தான் தேடினார்.