இரண்டு மாமன்கள், ஒரு காதுகுத்து

சித்தூரில் என் அக்காள் வீட்டுக்காரர் மெத்தை தைக்கிறவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு உண்டு என்றாலும் பஞ்சுக்கு அது தெரியாது. வெயிலில் மிதந்து வந்து அக்காள் தலையிலும் ரசத்திலும் ஒரே நிதானத்தோடு இறங்கும். சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்ததால் அந்த வீட்டில் சண்டைகூட மெதுவாகத்தான் விழும். எழுதிப் பிழைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நான் அங்கே பெரும்பாலும் தூங்கினேன். விற்பதற்கு முன்னால் பரிசோதனை என்று மாமா அதற்கொரு கௌரவமான பெயர் கொடுத்திருந்தார்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்து மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போன பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். புருஷன் என்று யாரும் வரவில்லை. குழந்தை அப்போது நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. சூளூர்பேட்டைப் பக்கம் மீன் பிடிக்கிற அவள் தம்பிக்கு அதிகாரிகள் சொல்லி அனுப்பினார்கள். பதில் இல்லை. மாமா கையெழுத்துப் போட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். வளர்க்கத்தான் கொடுக்கிறோம், சொந்தக்காரர் வந்து கேட்டால் திருப்பித் தரவேண்டியிருக்கும் என்று அதிகாரி அம்மாள் தெலுங்கில் சொன்னதை, அக்காள் வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு தடவை சொல்லி அழுதாள்.

அக்காள் பெண்கள் அப்பாவைக் கூப்பிடுவதைப் பார்த்துக் குழந்தையும் மாமாவை நைனா என்றது. கோணி ஊசியைக் கையில் எடுக்கும்போது மட்டும் அவளைத் தோளிலிருந்து இறக்குவார்.

மூன்று வயதானதும் காதுகுத்துப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். முதல் இரண்டு பெண்களுக்கும் என் மடிதான். பரீட்சை எழுதாமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. வேட்டியைத் துவைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

"உன் மடி செல்லாது மச்சான்" என்றார் மாமா, நூலைப் பல்லால் கடித்தபடி.

"ஏன், நல்லாத்தானே இருக்குது?"

"நீ என் பொண்ணுங்களுக்கு மாமன். இவளுக்குன்னு ஒருத்தன் உசுரோட கீறான். அவனை விட்டுட்டுக் குத்தினா நாளைக்கு நாலு பேர் இவளை இன்னான்னு கேப்பாங்க?"

அக்காள் அடுப்படியிலிருந்து வந்தாள். "ரெண்டு வருசமா திரும்பிப் பாக்காதவனை நீங்களே போய் இட்டுக்கினு வரப்போறீங்களா? வந்தவன் தூக்கிக்கினு போய்ட்டா?"

மாமா கையில் ஊசி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. சட்டத்துக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சாமிக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முறை தவறக் கூடாது என்பதற்காகத் தன் ஈரக்குலையைத் தானே தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் வெற்றிலை பாக்கோடு சூளூர்பேட்டைக்குப் போய்விட்டார்.

மலையில் மொட்டை போட்டுவிட்டு, கீழே திருப்பதியில் ஒரு சத்திரத்து வராந்தாவில் காதுகுத்து. அவன் வந்தான். கறுத்த ஒல்லியான ஆள். புதுச்சட்டையின் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. கையில் கவுன், வளையல், ஒரு ஜோடிக் கம்மல்.

"அப்பவே சொல்லி அனுப்பினாங்க அண்ணா" என்றான் மாமாவிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "பொம்பள இல்லாத வூட்ல கொழந்தைய வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு மூஞ்சி காட்டல. இப்ப கல்யாணம் ஆயிட்சி."

கடைசி வார்த்தையில் அக்காள் என் கையைப் பிடித்தாள்.

அவன் மடியில் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்தது. ஆசாரி தங்கக் கம்பியைச் செலுத்தியதும் "நைனா" என்று சத்திரமே அதிரக் கத்தியது. மாமா தூணைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றார். இரண்டாவது காதுக்கும் அதே நைனாதான்.

சாப்பாடு ஆயிற்று. அழுது களைத்த குழந்தை அவன் மடியிலேயே தூங்கிப்போனது. சுவரில் சாய்ந்தபடி அவனும் தூங்கினான். வெளியே சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அக்காள் கழுவிய தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவனை எழுப்பவில்லை. அவன் தூங்கத் தூங்க எங்களுக்கு அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். தூக்கத்தில் அனுபவசாலியான நான், பிறத்தியார் தூக்கம் நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒரு மத்தியானம்தான்.

அவன் கண் விழித்தான். "அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு" என்றார் மாமா.

"இவ பெரிய மனுசி ஆனா சொல்லி அனுப்பு. கல்யாணத்துக்கும் சொல்லு. மாமன் சீரு நான்தான் செய்வேன். வேற ஆளை உக்கார வெச்சிடாதே." என்னை ஒரு பார்வை பார்த்தான். என் பதவி அத்தோடு போயிற்று.

அக்காளுக்குப் பொறுக்கவில்லை. "இப்ப இட்டுக்கினு போவலியாப்பா?"

"என் மடில உக்காந்துக்கினு நைனா நைனான்னு அவரைக் கூப்புடுறா. உன் காதுல வுழலையாக்கா?" என்றான். எழுந்து, தூங்குகிற குழந்தையை மாமாவின் தோளில் சாய்த்தான்.

அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். அக்காளும் பெண்களும் ஒரு வளையல் கடையில் நின்றுவிட்டார்கள். மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தார், குழந்தையின் மொட்டைத் தலையில் கன்னத்தைச் சாய்த்தபடி. அவர் தாடையெல்லாம் சந்தனம். சித்தூர், சித்தூர் என்று கூவிக்கொண்டு ஒரு பஸ் அவரை ஒட்டியே போனது. அவர் பாட்டுக்கு நடந்தார். கூப்பிட வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸும் சித்தூருக்குத்தான் போகும்.