தூங்கும்போது எடுத்த படம்

கலைமணிக்கு ஊர் இண்டூர். வேலை தருமபுரியில், ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில். காலையில் கடை திறந்தால் சாத்தும்வரை நின்றபடியேதான் இருக்க வேண்டும். வீட்டில் கணவன் மாது மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறான். கூடு கட்டுவதற்கு முந்தைய வாரத்தில் புழுக்கள் இரவு பகல் பார்க்காமல் தின்னும். இலை வெட்டுவதும் போடுவதுமாக வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த வாரங்களில் கலைமணி தூங்குவதெல்லாம் இண்டூரிலிருந்து தருமபுரி போகும் டவுன் பஸ்ஸில்தான். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் கம்பியில் தலை சாய்த்து, பஸ் ஸ்டாண்டு வரும்வரை உலகத்தை மறந்துவிடுவாள்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ அவளைப் படம் எடுத்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியவந்தது கடையில்.

கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்த கூட்டத்தில் ஒரு பெண் போனைப் பார்ப்பதும் கலைமணியைப் பார்ப்பதுமாக இருந்தாள். பக்கத்திலிருந்தவளை இடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கலைமணி அடுத்த கட்டைப் பிரித்துப் போட்டாள். அவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் அருள்குமார் வந்து தன் போனை நீட்டினான்.

"அக்கா, இது நீங்கதானே?"

வாய் திறந்திருந்தது. உதட்டோரம் எச்சில். மாராப்பு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'ஓசி பஸ்ஸு, ஏசி தூக்கம்.' சிரிப்புப் படங்கள் போடும் ஏதோ ஒரு பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியிருந்ததில் இரண்டு வரிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சேலத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் ஐஸ்வர்யா அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். "ஏம்மா, ஹாஸ்டல் ஃபுல்லா பாத்துட்டாங்கம்மா" என்றவள் போனை வைத்துவிட்டாள். மாது படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பஸ்ஸுல உக்காந்தா வாயை மூடிக்கிட்டுத் தூங்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் புழுக் கொட்டகைக்குப் போனான். மறுநாள் கடையில், சிரிப்பு அடங்கும்வரை கொஞ்ச நாள் குடோனில் இருக்கச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஆறுதலாக இருந்தவள் பாரதி. அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவள், தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. வயதில் சின்னவள், கூடப் பிறக்காத தங்கை என்றே கலைமணி எல்லோரிடமும் சொல்வாள். பாரதி புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த சமயத்தில், பஸ்ஸில் அழுததெல்லாம் கலைமணியின் தோளில்தான்.

"எடுத்தவன் கை புழுத்துப் போவும்கா. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றாள் பாரதி. கலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டே தருமபுரிவரை வந்தாள்.

போலீசுக்குப் போகலாம் என்று சொன்னவள் கடையில் பிளவுஸ் துணிப் பிரிவில் இருக்கும் வஹிதா. சாப்பாட்டு நேரத்தில் அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு பொறுமையாகக் கேட்டார்.

"பஸ்ஸு பொது எடம்ங்க. அங்க ஒருத்தரை போட்டோ எடுக்கறதே குத்தம்னு சட்டத்துல நேரா ஒண்ணும் இல்ல. துணி மாத்தற எடம், பாத்ரூம், அந்த மாதிரி மறைவா இருக்கறப்ப எடுத்தா அது வேற. வேணாம் வேணாம்னு சொல்லியும் பின்னாடியே வந்து எடுத்தாலும் வேற. ஆனா எடுத்ததை வெச்சு ஒருத்தரைக் கேவலப்படுத்திப் பரப்பினா மனு வாங்கலாம், கூப்புட்டு விசாரிக்கலாம். யாரு எடுத்ததுன்னு தெரியுமா?"

"தெரியலீங்க."

"படத்தை நல்லாப் பாத்தீங்களா? எந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்காங்கன்னு பாருங்க."

அதுவரை கலைமணி அந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை. முகத்தைத் தாண்டிக் கண் போனதில்லை. வஹிதா போனில் விரலால் பெரிதாக்கிக் கீழே நகர்த்தினாள். மடியில் இரண்டு பைகள். ஒன்று அவளுடையது. இன்னொன்று ஆரஞ்சு நிறச் சாப்பாட்டுப் பை, ஜிப் போன இடத்தில் ஊக்கு குத்தியது. தூக்கத்திலும் விழுந்துவிடாதபடி இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தாள்.

பாரதிக்கு உட்கார இடம் கிடைக்காத நாட்களில் அவள் பையைக் கலைமணிதான் மடியில் வாங்கி வைத்துக்கொள்வாள். பையைக் கொடுத்தவள் அந்தச் சீட்டை ஒட்டியே நிற்பாள். படமும் அங்கிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது.

"யாருக்கா?" என்றாள் வஹிதா.

கலைமணி ஏட்டிடம் நாளைக்கு வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் பாரதி ஏறியதும் வழக்கம்போலப் பையை நீட்டினாள். கலைமணி வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் இறங்கியதும் உட்காரச் சொன்னாள்.

"படத்தை நீதான் எடுத்தியா?"

பாரதி ஜன்னலைப் பார்த்தாள். மறுக்கப் போகிறாள் என்று கலைமணி எதிர்பார்த்தாள். மறுத்தால் நம்பிவிடவும் தயாராக இருந்தாள்.

"கெட்ட எண்ணத்துல எடுக்கலக்கா. நீங்க அசந்து கொழந்த மாதிரி தூங்கினீங்க. எங்க காலேஜ் குரூப்ல மட்டும்தான் போட்டேன். அங்கிருந்து எவனோ எடுத்துப் போட்டுட்டான்."

"அதுக்கு மேல எழுதியிருக்கே, அது?"

பாரதி பையில் குத்தியிருந்த ஊக்கைத் திருகினாள்.

"சும்மா ரைமிங்கா வந்துச்சுக்கா."

படம் எடுத்ததைக்கூட அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். அந்த வரியை எழுதிய கைதான் தன் கையைப் பிடித்துக்கொண்டு தருமபுரிவரை வந்தது என்பதை மன்னிக்க முடியவில்லை.

"கை புழுத்துப் போவும்னு சொன்னியே பாரதி. யாரைச் சொன்ன?"

"பயந்துட்டேன்கா. சொன்னா நீங்க பேச மாட்டீங்கன்னு." பாரதியின் கண் கலங்கியது. ஆனால் அடுத்து அவள் சொன்னதுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. "அதும் இல்லாம, பப்ளிக் பிளேஸ்ல போட்டோ எடுக்கறது சட்டப்படி தப்பு இல்லக்கா. நான் நெட்டுல பாத்தேன்."

"முன்னபின்ன தெரியாத ஒருத்தன் எடுத்திருந்தா நானும் சட்டம் பேசியிருப்பேன். உன்கிட்ட என்னத்தப் பேசறது? எம் மடியில உன் பையக் குடுத்துட்டு எடுத்திருக்கியே. என்னை எழுப்பி, அக்கா எடுக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, மொகத்தத் தொடச்சிக்கிட்டுச் சிரிச்சிருப்பேன்."

பஸ்ஸிலிருந்து இறங்கிய கலைமணி கடைக்குப் போகவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயரைச் சொன்னாள்.

பாரதியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் அழுதாள், மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள், குரூப்பிலிருந்து படத்தை அழித்தாள். அந்தச் சிரிப்புப் பக்கமும் புகார் போன பிறகு நீக்கியது. அதற்குள் படம் வேறு எங்கெங்கோ போய்விட்டிருந்தது. "முழுசா அழிக்கறது எங்களாலயும் ஆவாதுங்க" என்று ஏட்டு ஒளிக்காமல் சொன்னார்.

அவ்வளவோடு முடிந்தது என்று கலைமணி நினைத்தாள். பஸ் வேறு மாதிரி நினைத்தது. தினமும் அவளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்த செல்லம்மாள் மறுவாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின் சீட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "ஒரு போட்டோவுக்குப் போயி, பொட்டப்புள்ளையப் போலீஸ் டேசன் ஏத்திட்டாளே." கண்டக்டர்கூட, "விட்டுருக்கலாங்க, சின்னப் பொண்ணு" என்றார். படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தான் இருந்தார்கள். அவளுக்காக ஒருவரும் அப்போது ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டில் மாதுவும் அதையே சொன்னான். "ஊருக்குள்ள நமக்கு எதுக்கு இந்தப் பேரு?"

"பேரு முன்னாடியே போயிருச்சுங்க. அப்ப நீங்க கேக்கல" என்றாள் கலைமணி.

ஒருநாள் ஐஸ்வர்யா மட்டும் போனில், "நீ செஞ்சது சரிம்மா" என்றாள். கொஞ்சம் தயங்கி, தானும் யாரையோ அப்படி எடுத்து வைத்திருந்ததாகவும், அழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

இப்போது கலைமணியை மறுபடி சேலைப் பிரிவில் விட்டிருக்கிறார்கள். அதே பஸ்தான், அந்த நேரத்துக்கு வேறு இல்லை. பாரதி முன் படியில் ஏறினால் இவள் பின்பக்கம் பார்த்துக்கொள்வாள். எவ்வளவு அசதியானாலும் வழியில் கண் மூடுவதில்லை. புழு தின்னும் வாரங்களில் மட்டும் மத்தியானச் சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு, குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு போர்வையை விரித்துச் சாய்கிறாள். வஹிதா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். யாராவது உள்ளே போகப் பார்த்தால், "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க" என்கிறாள்.