வண்டி ஏறும் முன்பே வந்த எடை

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு பிரிண்டர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகியதும், நான் ஒன்றும் சொல்லாமலேயே ‘தயார்’ என்றது. பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். டிரைவர் சிடி விழவில்லை. பிரிண்டரோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். முன்பெல்லாம் அது ஒரு சிடியில் வரும். சிடி தொலைந்தால் பிரிண்டர் வெறும் பெட்டிதான். கடைக்குப் போன் போட்டேன்.

“சிடி வைக்க மறந்துட்டீங்க போல.”

“சிடியா? அதெல்லாம் இப்ப இல்ல சார். அதுவே போட்டுக்கும்.”

“எங்கேர்ந்து போட்டுக்கும்?”

“அது இன்னாத்துக்கு சார் உங்களுக்கு? பிரிண்ட் வருதா இல்லியா?”

வருகிறது. அதுதான் என் கவலையே. கேட்காமல் உதவிக்கு வருகிற மனிதனையும் நான் நம்புவதில்லை, மெஷினையும் நம்புவதில்லை. “தாலி கட்டிட்டு முடிச்சு வுழுந்துச்சான்னு இழுத்துப் பாத்த ஆளுதானே” என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். இழுத்துப் பார்த்தது உண்மை. முடிச்சு உறுதியாகத்தான் இருந்தது.

உதறியதில் தெர்மகோல் உதிர்ந்து முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. தட்டினால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தாவியது. வெள்ளையாக, உருண்டை உருண்டையாக, அசப்பில் ஜவ்வரிசி. பார்த்துக்கொண்டே இருந்தேன், மூக்கில் ஒரு புளித்த வாடை ஏறியது. தெர்மகோலுக்கு வாடை கிடையாது என்று எனக்குத் தெரியும். சேகோ ஆலையில் வேலை பார்த்த மூக்குக்கு அது தெரியாது.

அந்த ஆலை கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக இறங்கும். அரைத்து, மாவைத் தொட்டியில் படியவிட்டு, ஜவ்வரிசியாக உருட்டி அனுப்புவார்கள். பிழிந்து போட்ட சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதை ரோட்டோரம் காயப்போட்டிருப்பார்கள். வெள்ளிமலை பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினால் ஆலை வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அங்கே கம்ப்யூட்டர் ஆள். டிப்ளமா முடித்தவன், ஏசி ரூமில் உட்காரப்போகிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டு கிளம்பியவன். கிடைத்தது லாரியை நிறுக்கும் எடைமேடைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஓர் அறையும் ஒரு டேபிள் ஃபேனும்.

எடைமேடை என்பது சந்தேகத்தின் மேல் கட்டிய மேடை. அங்கே யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள், அதை மறைக்கவும் மாட்டார்கள். லாரி ஏறும் முன்னால் மலையாட்கள் ஏழெட்டுப் பேர் மேடையில் ஏறிக் கும்பலாக நிற்பார்கள். ரைஸ்மில் தராசில் அவரவர் எடையைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் மலையை விட்டே இறங்குவார்கள். கூட்டிச் சொன்ன எடையும் கம்ப்யூட்டர் எடையும் ஒத்துப்போனால்தான் வண்டிக்கு வழி. ஒத்துப்போகாவிட்டால், “வர்ற வழியில எவன்டா பரோட்டா துன்னது?” என்று முதலில் தங்களுக்குள் விசாரணை. அதிலும் தீராவிட்டால் என் பக்கம் திரும்புவார்கள்.

கரியாலூர்ப் பக்கத்துச் செல்லம்மாக்கா அந்தக் கும்பலில் நிற்க மாட்டார். நேராக என் ஜன்னலுக்கு வந்துவிடுவார். அவர் காட்டுக் கிழங்கு, கொழுந்தனார் காட்டுக் கிழங்கு, பக்கத்து வீட்டுக்காரர் கிழங்கு எல்லாம் சேர்ந்து ஒரு லோடு. எடை குறைந்தால் மேலே மலைக்குப் போய் மூன்று வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் அவருக்குச் சந்தேகப்படுவது ஒரு பொறுப்பு.

“தம்பி, அந்த ஃபேன நிறுத்து.”

“ஏன்க்கா?”

“காத்து வெளிய அடிக்குது. எடயத் தூக்கிடும்.”

“டேபிள் ஃபேன் லாரியத் தூக்குமாக்கா?”

“லாரிய ஏன் தூக்குது? முள்ளத் தூக்கும்.”

“இதுல முள்ளே இல்லக்கா. வெறும் நம்பருதான்.”

“அப்ப நம்பரத் தூக்கும். நிறுத்துடா.”

நிறுத்துவேன். செல்லம்மாக்கா வருகிற நாட்களில் என் சட்டை பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும்.

எனக்கு ஃபேன் மேல் சந்தேகம் இல்லை. நிரல் மேல்தான். எனக்கு முன்னால் எவரோ ஒரு புண்ணியவான் அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ஒருவர், வாளியைத் தூக்கிவர ஒருவர், இலையில் பரிமாற ஒருவர். பரிமாறுகிறவர் அடுப்பை எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நிரலிலோ ஒரே ஆள் வடித்து, தூக்கி, பரிமாறி, இலையும் எடுத்துக்கொண்டிருந்தார். மேடையின் எடையை எண்ணாக அனுப்பும் எடைப்பெட்டியிலிருந்து கம்பி வழியே எண் வாங்குவது, அதைக் கிலோவாக்குவது, பில் போடுவது, பிரிண்டரை அதட்டுவது எல்லாம் ஒரே குவியல். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடை உறைந்து நிற்கும். ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி கண்ணாடியைத் துடைப்பேன்.

ஒரு நாள் பழைய பிரிண்டர் செத்துப்போனது. புதியதை வைத்து, சிடியைப் போட்டு, ஓடுகிறது என்று கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் காலை அரை லோடு டிராக்டர் ஒன்று மேடையில் ஏறி இறங்கியது. அடுத்து செல்லம்மாக்காவின் லாரி. முன்சக்கரம் மேடையைத் தொடக்கூட இல்லை, வழக்கம்போல் நான் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்திவிட்டேன். சீட்டு வந்தது. டிராக்டரின் எடை, லாரியின் பெயரில்.

நடந்தது இதுதான். புதிய பிரிண்டர் நிதானமானது. அது ‘முடிந்தது’ என்று சொல்லும் வரை மொத்த நிரலும் கைகட்டிக் காத்திருந்தது. அதற்குள் எடைப்பெட்டி அனுப்பிய எண்கள் வாசலில் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. நிரல் கண்விழித்ததும் வரிசையில் முதலில் நின்றதை எடுத்துக்கொண்டது. அது பழைய எண். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது செல்லம்மாக்காவின் குரல் மட்டும்தான்.

“வண்டி இன்னும் ஏறவே இல்ல. அதுக்குள்ள எட வந்துடுச்சா? இன்னாடா, ஜோசியம் பாக்குறியா?”

“உள்ள மொதலாளி குந்திக்கினு நம்பர் போடறாரு போல” என்றார் பின்னால் ஒருவர்.

கூட்டம் ஜன்னலில் அப்பியது. ஒரு வீரன் அந்த இடத்தில் விளக்கம் சொல்லியிருப்பான். நான் பின்கதவு வழியாக மாவுக் குடோனுக்குள் ஓடினேன். மாவுக் குடோனில் ஒளிந்தவன் வெளியே வரும்போது எங்கே ஒளிந்தான் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற என்னைச் செல்லம்மாக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பாரு, முழியே சரியில்ல.”

லாரியை ஏற்றி மறுபடி போட்டோம். சரியான எடை வந்தது.

“இதுல எது நெசம்? மொதல்ல வந்ததா, இப்ப வந்ததா?”

“இப்ப வந்ததுக்கா.”

“இன்னொரு தபா போட்டா அது நெசமாப் பூடுமா?”

அன்று முதல் நிரலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அடியில் ஓர் அடுக்கு: கம்பியில் வருவதை வாங்குவது மட்டும் அதன் வேலை. அதற்கு மேல் ஒன்று: எடைப்பெட்டியின் பாஷையைக் கிலோவாக மாற்றுவது. அதற்கும் மேல் ஒன்று: வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து எடையைச் சொல்வது. உச்சியில் பில். பிரிண்டருக்குத் தனி வரிசை. அது தூங்கினாலும் எடைக்குத் தெரியாது. ஒரே ஒரு சட்டம் வைத்தேன். யாராக இருந்தாலும் தனக்கு அடுத்துக் கீழே இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும், தாண்டிப் போகக் கூடாது. எது பொய் சொன்னாலும் இனிமேல் எந்த மாடியில் என்று தெரிந்துவிடும். அதை ஓடவிட்ட நாள் எனக்கு நானே ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

சோடாவோடு நின்றிருக்கலாம். பெருமை தாங்காமல் முதலாளியைக் கூப்பிட்டு, காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினேன். சாதுவான மனிதர்; நெற்றியில் விபூதி கலையாது. கண்ணை இடுக்கிக் கேட்டார்.

“மூணாவது அடுக்கு சொல்றத பில்லு அப்படியே எடுத்துக்குமா?”

“எடுத்துக்குங்க.”

“கீழ போய் விசாரிக்காது?”

“விசாரிக்காதுங்க. அதான் சட்டம்.”

“நல்ல சட்டம்பா.” விபூதியைத் தடவிக்கொண்டார். “கெழங்குல மண்ணு ஜாஸ்தி வருது. நூத்துக்கு ரெண்டு கிலோ அந்த மூணாவது அடுக்குலியே கழிச்சுட்டா, வெளிய சொல்லிச் சண்ட போட வேணாம் பாரு.”

பழைய குவியலில் ஓர் இடத்தைத் தொட்டால் ஒன்பது இடம் கத்தும். திருட நினைப்பவனுக்கும் அதில் கைவைக்கப் பயமாக இருக்கும். நான்தான் பெருக்கித் துடைத்து, அறை அறையாகப் பிரித்து, இங்கே ஒரு வரி எழுதினால் போதும் என்று கதவையும் திறந்து காட்டியிருக்கிறேன்.

“பாக்கறேங்க” என்றேன். நல்லவன் என்பதால் தயங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வீட்டுக் கிழங்கு தெரிந்தே குறையப்போகிறது என்பது உறுத்தியது உண்மை. பிடிபட்டால் முதலாளி கைகாட்டப்போவது என்னை என்பது அதைவிட அதிகமாக உறுத்தியது. வைரஸ் வந்திருக்கிறது, கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சாக்குச் சொல்லி நாட்களை ஓட்டினேன். வைரஸ் என்றால் முதலாளி அறைக்குள்ளேயே வர மாட்டார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பார்.

செல்லம்மாக்கா அடுத்த லோடோடு வந்தபோது, சீட்டைக் கொடுக்கிற சாக்கில் ஜன்னலில் குனிந்தேன்.

“அக்கா, வெளிய பெரிய நம்பர் பலகை ஒண்ணு கேளுங்க. எடைப்பெட்டிலேர்ந்து நேரா அதுக்குக் கம்பி போவும். கம்ப்யூட்டர் பக்கமே வராது. பலகைல ஒண்ணு, சீட்டுல ஒண்ணு இருந்தா உடனே தெரிஞ்சுடும்.”

அவர் முகம் சுருங்கியது.

“நீ ஏன் சொல்ற?”

“சும்மாதான்க்கா.”

“உனுக்கு இன்னா லாபம்?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“லாபம் இல்லாம எவனாவது சொல்லுவானா? பலகை விக்கிறியா?”

என் சட்டத்தை நானே உடைத்து, எல்லா அடுக்குகளையும் தாண்டி அடித்தளத்துக்கு ஒரு வழி காட்டியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால் அவர் யோசித்திருக்கிறார். அதற்கு அடுத்த முறை அவருடைய லாரி மேடையில் ஏறியது, இறங்கவில்லை.

“பலகை வெச்சாதான் வண்டி நவுரும்.”

லாரிகள் பின்னால் சேர்ந்து ரோடு வரை போயின. வெள்ளிமலை பஸ் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. முதலாளி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். “வெச்சுடலாம், வெச்சுடலாம், எறங்குங்கம்மா.” சொல்லும்போது செல்லம்மாக்காவைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

பலகை வந்தது. பந்தயக் குதிரை மாதிரி சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். செல்லம்மாக்கா அண்ணாந்து பார்த்து எண்ணை உரக்கக் கத்துவார். பின்னால் நிற்கிறவர்கள் திருப்பிக் கத்துவார்கள். முற்றம் முழுக்கக் கேட்ட எண்ணை என் சீட்டு மாற்றிச் சொல்ல முடியாது. அதற்கப்புறம் யாருடைய லாரி ஏறினாலும் கத்தினார்கள். அது பழக்கமாகிவிட்டது. மூன்றாவது அடுக்கைப் பற்றி முதலாளி பேசவே இல்லை. என்னைப் பற்றித்தான் பேசினார். “உன் படிப்புக்கு இந்த எடம் கம்மிப்பா.” அந்த மாதக் கடைசியில் நான் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றபோது செல்லம்மாக்காவின் லாரி அந்தப் பக்கம் வந்தது. வேகம் குறைத்து, தலையை நீட்டினார்.

“வூட்டுக்கு அனுப்பிட்டாராமே. நீ இன்னா பண்ண?”

“ஒண்ணும் பண்ணலக்கா.”

“ஒண்ணும் பண்ணாதவன எதுக்கு அனுப்புறாங்க?”

லாரி போய்விட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அந்த ஆலை இப்போது இல்லை. நிலத்தை மனை மனையாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். அதே ரோட்டில் வேறு எடைமேடைகள் வந்துவிட்டன. ஒன்றின் எதிரில் நின்று சமீபத்தில் டீ குடித்தேன். மலையிலிருந்து வந்த கிழங்கு லாரி ஏறியது. மேலே பலகையில் எண்கள் ஓடின; அதைக் கத்திச் சொல்ல எந்தக் குரலும் இல்லை. லோடுக்காரர் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தார்.

“எட சரியா இருக்குதாங்க?” என்றேன்.

“அதான் மெசேஜ் வந்துடுச்சே” என்றார்.

நின்ற எண்ணைப் பார்க்க நான் அவசரமாக நிமிர்ந்தேன். லாரி இறங்கியிருந்தது. பலகையில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.