குதிகால் சீவும் கத்தி

பெரம்பலூருக்கு வந்த முதல் வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். புளியமரத்தடியில் ஒரு மனிதர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் தன் காலைத் தூக்கி அவர் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் மழை பொய்த்துப்போனதைப் பேசிக்கொண்டிருந்தார். மடியிலிருந்த குதிகாலிலிருந்து தோல் வெள்ளைச் சுருளாக உதிர்ந்துகொண்டிருந்தது. சீவி முடித்ததும் அந்த மனிதர் கத்தியை வேட்டி ஓரத்தில் ஒரு தடவை துடைத்தார். அடுத்த கால் வந்தது. அதில் பெருவிரலோரம் சீழ் கட்டியிருந்தது. அதற்கும் அதே கத்தி. கால் கழுவ ஒரே தகரக் குவளைத் தண்ணீர். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழு கால்கள்.

“என்னடி அன்னம், கால் சீவுறத இதுக்கு முன்ன பாத்ததில்லையா?” என்று அத்தை சிரித்தார். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் சின்னம்மா. தலைமன்னாரில் கப்பலேறி வந்திறங்கிய எங்களுக்கு, குன்னத்துக்குத் தெற்கே இருந்த அவர் வீட்டில்தான் இடம் கிடைத்தது. என் மாமனாரின் அப்பா அந்த ஊரிலிருந்து தேயிலைக் காட்டுக்குப் போனவர். ‘சொந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள்’ என்று எழுதிய காகிதத்தை எழுபத்து நாலில் எங்கள் கையில் கொடுத்தார்கள். அந்த ஊரில் எங்களைத் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல இக்கரைக்கு வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு ஐந்து வருசம் வேலை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அட்டை கடித்த காலோடு வருவார்கள். சொறிந்து புண்ணாகி, புண் ஆறாமல் வீங்கி, விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும். அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கடுகடுத்த மனிதர். சாமணத்தையும் கத்தியையும் கொதிநீரில் போட்டு, கடிகாரத்தில் இருபது நிமிடம் ஆகாமல் தொட விடமாட்டார். ஒருமுறை அவசரத்தில் முன்னாலேயே எடுத்துவிட்டேன். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே மண்வெட்டி பட்டுக் கால் கிழிந்த ஓர் ஆள், தாடை பூட்டிக் கிடந்தான். “நல்லாப் பாத்துக்க” என்றார். மறுநாள் காலையில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

அத்தைக்கு ஒரே மகள், வள்ளி. என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாள். தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்து எடுத்து அவள் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. கல்யாணப் பெண்ணின் கால் இப்படியா இருப்பது என்று அத்தை அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். கால் சீவுகிறவர் பெயர் அய்யாவு. மெலிந்த, மரியாதையான மனிதர். வள்ளியின் காலை ஏந்தி, “பயப்படாதம்மா, பூ மாதிரி ஆக்கிடுறேன்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தை, அந்தக் கத்திய அவிக்கச் சொல்லுங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் கொதிக்க வைப்பதைத்தான் அவிப்பது என்போம்.

“கத்தி என்ன கெழங்கா, அவிச்சுத் திங்க?” என்றார் அத்தை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார்.

அவமானத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. “வெளாட்டில்ல அத்தை. அழுக்குக் கத்தி ரத்தத்துல பட்டா ஜன்னி வரும், தாடை பூட்டிக்கும். நான் பாத்திருக்கேன்.”

சிரிப்பு நின்றது. அத்தையின் முகம் கறுத்தது. “கல்யாணப் பொண்ணு முன்னால என்ன பேச்சுடி பேசுற? வாயக் கழுவு!” என்றார். அதே நேரம் வள்ளி “ஸ்” என்று காலை இழுத்தாள். குதிகால் வெடிப்போரம் ஒரு பொட்டு ரத்தம். அய்யாவு அதைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் வள்ளி கஞ்சி குடிக்க மாட்டேன் என்றாள். வாயைத் திறக்க முடியவில்லையாம். முகம் சிரிப்பது போலவே இருந்தது. கல்யாணக் கனவு என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். அவள் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்தவள். அடுப்படியில் ஒரு குண்டான் கைதவறி விழுந்தது. அந்தச் சத்தத்தில் வள்ளியின் முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் பாயில் நின்றன.

பேய் என்றார்கள், விபூதி போட்டார்கள். நான் என் வீட்டுக்காரரைக் கிளப்பி வண்டி கட்டச் சொன்னேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கிடைத்தது பஸ்தான். வள்ளியைப் பின் சீட்டில் கிடத்திவிட்டு டிரைவரிடம் ஓடினேன்.

“அண்ணே, ஹாரன் மட்டும் அடிக்காதீங்க.”

“ஹாரன் அடிக்காம எப்படிம்மா ஓட்டுறது? மாடு கன்னு குறுக்க வந்தா?”

“சத்தம் கேட்டா அந்தப் பொண்ணுக்கு உடம்பு முறுக்குது. மூச்சு நின்னுடும்ணே.”

அவர் எழுந்து வந்து பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். வழியில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்து நின்றது. பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, இறங்கிப் போய் ஆடுகளைக் கையால் ஒதுக்கிவிட்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிள்ளை அழாமலிருக்கப் பாதி வழியெல்லாம் முலைகொடுத்துக்கொண்டே வந்தாள். அத்தனை பேர் இருந்த பஸ்ஸில் எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் என் சொல்லை ஜனங்கள் கேட்டது அன்றுதான். கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது. வள்ளி வளைந்தாள். உதடு நீலமானது. நான் எண்ணினேன். பதினாறு வரை எண்ணிய பிறகுதான் மூச்சு வந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில், வெளிச்சம் பட்டாலும் உடம்பு முறுக்கும் என்று ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய ஓர் அறையில் இருபத்து நான்கு நாள் கிடந்தாள். அத்தையால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. நான்தான் கூட இருந்தேன். வளையலைக் கழற்றிவிட்டேன். செருப்பில்லாமல் நடந்தேன். பக்கத்துக் கட்டில்கள் நிறைவதையும் காலியாவதையும் இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தேன். வள்ளி பிழைத்தாள். கத்தியில் வந்ததா, பருத்திக்காட்டு மண்ணில் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். “யாருக்குத் தெரியும்? வெடிப்புக்குள்ள மண்ணே போதும்” என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஊருக்கு மட்டும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய அன்று, அத்தை வாசலில் நின்று அழுதார். “நீ வாய் வெச்ச, அது வந்துச்சு. சிலோன்லேர்ந்து நாக்குல வெசத்தக் கொண்டாந்துட்ட. அவளக் காப்பாத்துனதும் நீதான், நான் இல்லைங்கல. ஆனா இந்த வூட்டுல இனிமே இருக்காத.”

என் வீட்டுக்காரருக்கு அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அய்யாவு கத்திப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வெயிலில் வெகுநேரம் நின்றபின், “நீங்க சொன்னது என் காதுலயும் விழுந்துச்சும்மா. நானும் சிரிச்சேன். எவ்வளவு நேரம் கொதிக்கணும்?” என்று கேட்டார். சொன்னேன். பிறகு கேள்விப்பட்டேன், அவர் அடுப்பும் குவளையுமாகச் சந்தையில் உட்கார்ந்தாராம். ஆவி பறக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்து, நோய் இருக்கப் போய்த்தானே கொதிக்க வைக்கிறான் என்று ஆட்கள் பக்கத்துக் கத்திக்காரரிடம் போய்விட்டார்களாம்.

மூன்று வருசம் கழித்து வள்ளிக்கு ஆண்டிமடம் பக்கம் வரன் அமைந்தது. அண்ணி வராமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, அத்தையே அரியலூர் வந்து அழைத்தார். “வா. ஆனா நல்லது நடக்கிற எடத்துல வாயத் தொறக்காம இரு, அது போதும்” என்றார். பந்தலின் கடைசிக் காலோரம் நின்றேன். அம்மிமேல் வள்ளியின் கால். மாப்பிள்ளை மெட்டியை விரலில் ஏற்றும்போது அதன் முனை தோலைக் கிழித்ததைப் பார்த்தேன். மஞ்சளுக்கு மேல் மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு. வேறு யாரும் பார்க்கவில்லை. அம்மிக்கல்லெல்லாம் தெருப்புழுதி.

சொல்லென்று ஒரு மனம், சொல்லாதே என்று ஒரு மனம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். சமையல் கொட்டகைக்குப் போய் ஒரு சொம்பு கொதிநீர் வாங்கி ஆற்றி, புதுத்துணி ஒன்றைக் கிழித்தெடுத்துக்கொண்டு, மஞ்சள் துடைப்பவள் போல அவள் காலடியில் உட்கார்ந்து கழுவினேன். வள்ளி குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. அவளும் வாய் திறக்கவில்லை. அத்தை மட்டும், “பரவால்லயே, நாத்தனாருக்குக் கால் கழுவுறா” என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

அதன்பின் எட்டு நாளும் காலையில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஆண்டிமடத்து பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். என்னைத் தேடி யாராவது ஓடிவருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. போன தடவை அவள் வாய் பூட்டியது ஒன்பதாம் நாள்; அன்றும் போனேன். பஸ் காலியானது. என்னை அறியாமல் படியருகே போய்க் கம்பியைப் பிடித்திருக்கிறேன்.

“ஏறுறீங்களாம்மா?” என்றார் கண்டக்டர்.

“இல்ல. ஆள் வருதான்னு பாக்க வந்தேன்.”

“வரலையா? அடுத்த வண்டில வருவாங்க, கவலப்படாதீங்க.”

“வராம இருக்கணும்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இல்லியே. எந்த ஊரும்மா நீங்க?” அதற்குள் பஸ் நகர்ந்தது. சுண்ணாம்புப் புழுதியில் அது மறையும்வரை, கம்பியின் சூடு ஆறாத கையோடு, பதில் சொல்ல வாயெடுத்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.