கோடிங்கில் பாடு போட்ட கதை

இறால் உரித்துக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்து இதை எழுதுகிறேன். எங்கள் கோடிங் தொழிலில் சண்டை வருவது பெரிய விஷயத்துக்கு இல்லை. வரிக்கு முன்னால் எத்தனை இடம் விடுவது என்பதற்குத்தான். நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளை பிறந்த பிறகு பயிற்சி வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, மேரி அக்கா, தேவியோடு சேர்ந்து ஒரு சென்னை கம்பெனிக்கு வெப்சைட் எழுதித் தருகிறேன். ஒரே கோடிங்கில் பல பேரோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நாலா, ரெண்டா

அக்கா நாலு இடம் விடுவார். தேவி ரெண்டு. நான் டேப் பட்டனை ஒரு தட்டு. ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் திறந்தால் முதல் வேலை அதை மாற்றுவதுதான். எனக்கோ யாரிடமும் எதுவும் சொல்ல வாய் வராது. எங்கள் வேலையைச் சரிபார்க்கிற சென்னை சார், "மூணு பேரும் பொதுவா ஒரு விதி வையுங்க. சேவ் பண்ணும்போது மெஷினே அடுக்கிடும், தப்புக்குச் சிவப்புக் கோடு போடும்" என்றார். யாருடைய விதி? தேவி அக்காவைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாக்கா, உன் நாலு ஒசத்தி, என் ரெண்டு மட்டமா?"

வாரம் ஒருத்தர்

எங்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். ஏரியில் மீன் பிடிக்கிற எங்கள் ஊரில் பாடு என்றால் முறை. நல்ல இடத்தில் இன்றைக்கு ஒருத்தர் வலை போட்டால் நாளைக்கு இன்னொருத்தர். அதே மாதிரி சீட்டுக் குலுக்கினோம். முதல் வாரம் தேவி விதி, அடுத்தது அக்கா, அப்புறம் நான். சண்டை நின்றது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை: "பாத்தியா, ஏரிக்குப் போற புத்தி கம்ப்யூட்டருக்கும் போதும்!"

என் வாரம்

வெப்சைட்டில் நண்டு ஆர்டர் வாங்குகிற பக்கத்தில் ஒரே ஒரு வரி திருத்தி சேவ் பண்ணினேன். மெஷின் என் விதிப்படி மொத்த ஃபைலையும் நகர்த்திவிட்டது. சாருக்கு அதிலிருந்த தொள்ளாயிரம் வரியும் மாறினதாகக் காட்டியது. "எதை மாத்தினீங்கன்னே தெரியலைமா. இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார்.

வேலை போனால் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு நான் ஏதாவது தொழிற்சாலை வேலைக்கு விடியலில் பஸ் ஏறவேண்டும். அந்தப் பயத்தில் வாய் தானாகத் திறந்தது. "மீன் பிடிக்கத்தான் முறை வேணும், இதுக்கு ஒரே விதிதான். அக்காவோட நாலே இருக்கட்டும், என் வாரம் எனக்கு வேணாம்" என்றேன்.  தேவி சொன்னாள்: "பேசாதவளே பேசிட்டா. போடுக்கா நாலு."

எல்லா ஃபைலையும் ஒரே தடவையில் நாலுக்கு மாற்றின பிறகு, அடுத்த தடவை நான் திருத்தினது ஒரு வரி. சார் பார்த்ததும் ஒரு வரி.

இப்போது மூன்று பேர் எழுதினதும் ஒரே கை எழுதின மாதிரி இருக்கிறது, முறை வைத்துச் செய்வது என்று மிச்சமிருப்பது சார் போனை யார் எடுப்பது என்பது மட்டும்தான், அதிலும் நான் எப்படியாவது நழுவி— தேவி வாசலில் நின்று கத்துகிறாள், "இன்னிக்கு உன் முறைடி, எழுந்து வா!" இறால் கையோடு நான் சார் போனை எடுக்க ஓடுகிறேன்.